மார்மலேடும் நான் வகுப்பில் சொன்ன இரண்டு பொய்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஸ்காட்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அங்கே போய். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள். உள்ளே தேன் நிறத்தில் பாகு, அதற்குள் மிதக்கும் ஆரஞ்சுத் தோல் கீற்றுகள். மார்மலேட்.

"சார், இதை வாங்கும்போது உங்க ஞாபகம்தான். ஒன்பதாம் வகுப்புல மேரி ராணி கதை சொன்னீங்களே, அதை அங்க கூட வேலை செய்றவங்ககிட்ட சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க சார். அது பொய்க் கதையாம்."

அவள் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! அவள் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இது உங்களுக்கு நான் தரவேண்டிய திருத்தம்.

முதலில் நான் சொன்ன கதை. ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு உடல்நலம் கெட்டுப்போகிறது. பிரெஞ்சு நாட்டில் வளர்ந்தவள் அவள். சமையல்காரர் ஆரஞ்சையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சி ஒரு பதார்த்தம் செய்கிறார். பணிப்பெண்கள் 'மரி மலாத்', அதாவது 'மேரிக்கு உடம்பு சரியில்லை' என்று பிரெஞ்சு மொழியில் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துப் போகிறார்கள். அதுவே மார்மலேட் ஆயிற்று. ஏதோ ஒரு வார இதழ்த் துணுக்கில் படித்தது. பாடத்துக்கு நடுவே பிள்ளைகள் தூங்காமல் இருக்க இப்படி ஏதாவது சொல்வது வழக்கம்.

இதை உடைக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மேரி பிறந்தது 1542. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எக்ஸிட்டர் ஊரைச் சேர்ந்த ஹல் என்பவர் ஒரு பெட்டி மார்மலேட் பரிசளித்தது 1524. ராணி பிறப்பதற்கு 18 ஆண்டுகள் முன்பே பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே காலவரிசைதான். அதை நானே சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹென்றிக்கு வந்தது 'ஒரு பெட்டி'. பாட்டில் இல்லை, ஜாடி இல்லை, பெட்டி. அப்படியென்றால் அது கரண்டியால் அள்ளும் பொருள் அல்ல, கத்தியால் வெட்டும் பொருள். அந்தக் காலத்து மார்மலேடில் ஆரஞ்சே கிடையாது!

போர்த்துக்கீசிய மொழியில் 'மர்மெலோ' என்றொரு பழம். ஆங்கிலத்தில் குயின்ஸ் என்பார்கள். பார்ப்பதற்கு மஞ்சள் நிறப் பேரிக்காய் மாதிரி இருக்கும். பச்சையாகக் கடித்தால் வாய் துவர்ந்துபோகும். ஆனால் வேகவைத்தால் சிவந்து, வீடே மணக்கும். அதை மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, ஆறவைத்து, மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். அதன் பெயர் 'மர்மெலாடா'. நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அல்வாத் துண்டு. விருந்து முடிந்தபின் செரிமானத்துக்கென்று பணக்காரர்கள் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். கோவாவுக்குப் போனவர்கள் 'பெராட்' என்ற கொய்யாப்பழ இனிப்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். குயின்ஸ் விளையாத ஊரில் கொய்யாவை வைத்து அதே முறையில் செய்தது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன கைப்பக்குவம்.

இந்தச் சொல்லுக்கு நம்மோடு இன்னொரு உறவும் உண்டு. சிவன் கோயில் வில்வ மரத்துக்குத் தாவரவியல் பெயர் என்ன? ஈகிள் மர்மெலாஸ். நம் பக்கம் வந்த போர்த்துக்கீசியர் வில்வப் பழத்தைப் பார்த்ததும், அதன் நிறமும் மணமும் துவர்ப்பும் ஊர்ப் பழத்தை நினைவூட்ட, 'வங்காளத்து மர்மெலோ' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் லின்னேயஸ் வழியாகத் தாவரவியலில் நிலைத்துவிட்டது. பிரதோஷத்துக்கு வில்வம் பறிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தின் பெயரும் என் மேசை மேல் இருந்த பாட்டிலின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை.

இப்போது ஆரஞ்சுக்கு வருவோம்.

நாம் உரித்துத் தின்னும் இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்குப் பின்னால் வந்தது, ஏறக்குறைய 15, 16-ஆம் நூற்றாண்டுகளில். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே போனது கசப்பு ஆரஞ்சு. பம்பளிமாசுக்கும் கமலாவுக்கும் பிறந்த கலப்பு அது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. அரேபியர்கள் 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அதை சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சேர்த்தார்கள். ஸ்பெயினின் தென்பகுதியில் இருக்கும் செவில் நகரம் அதன் இரண்டாவது தாய்வீடு ஆயிற்று. அதனால்தான் இன்றைக்கும் ஆங்கிலேயர்களுக்கு அது செவில் ஆரஞ்சு.

பழத்தோடு பெயரும் பயணம் செய்தது. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நரன்ஹா. பிரெஞ்சுக்கும் இத்தாலியத்துக்கும் போகும்போது முதல் நகரம் உதிர்ந்து 'ஆரஞ்சு' ஆகிவிட்டது. இந்த வரிசையின் தொடக்கத்தில் திராவிடச் சொல் ஒன்று இருக்கலாம், நம் 'நாரத்தை' அதன் உறவு என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். கருதுகிறார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். 'ஆரஞ்சு தமிழ்ச் சொல், பகிருங்கள் தமிழா' என்று உடனே வாட்ஸப்பில் தட்டிவிட வேண்டாம். நான் வகுப்பில் செய்த தவறை நீங்கள் செல்பேசியில் செய்யக்கூடாது.

கசப்பு ஆரஞ்சை என்ன செய்வது? பச்சையாகத் தின்ன முடியாது. புளிப்பும் கசப்பும் சேர்ந்தது. மீனுக்கும் இறைச்சிக்கும் எலுமிச்சை போலப் பிழிந்தார்கள். பூவைக் காய்ச்சி வாசனைத் தைலம் எடுத்தார்கள். தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தார்கள். குயின்ஸில் செய்த மர்மெலாடாவை இந்தப் பழத்திலும் செய்து பார்த்தார்கள். இங்கிலாந்தில் செஷயர் பகுதியைச் சேர்ந்த எலைசா சோல்மொண்டெலி என்ற சீமாட்டியின் கையெழுத்துச் சமையல் குறிப்பேட்டில், 1677-ஆம் ஆண்டைச் சேர்ந்தது அது, ஆரஞ்சு மார்மலேட் செய்முறை இருக்கிறது. 1714-ல் மேரி கெட்டில்பி அச்சில் வெளியிட்ட சமையல் நூலிலும் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்த மாற்றம் என்னவென்றால், தண்ணீரைக் கூட்டினார்கள். வெட்டித் தின்னும் துண்டு, ரொட்டியில் தடவும் பாகாக இளகியது. பொழுதையும் மாற்றினார்கள். விருந்துக்குப் பிறகு தின்றதைக் காலை உணவுக்குக் கொண்டுவந்தார்கள். 1773-ல் டாக்டர் சாமுவேல் ஜான்சன் ஸ்காட்லாந்து முழுக்கச் சுற்றினார். ஆங்கில அகராதி எழுதிய அதே ஜான்சன்தான். ஸ்காட்லாந்தைக் கிண்டல் செய்வதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஆனால் அங்கே கிடைத்த காலைச் சாப்பாட்டை மட்டும் மனம் திறந்து பாராட்டி எழுதினார். தேநீர், காபி, வெண்ணெய், தேன் என்ற அந்தப் பட்டியலில் மார்மலேடும் உண்டு.

இந்த 1773-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன இரண்டாவது பொய்யை உடைக்க இதுதான் சுத்தியல்.

இரண்டாவது கதை இது. ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கப்பல் புயலுக்குப் பயந்து ஸ்காட்லாந்தின் டண்டீ துறைமுகத்தில் ஒதுங்குகிறது. அதில் ஒரு சுமை செவில் ஆரஞ்சு. அழுகுவதற்குள் தள்ளிவிட வேண்டும். கெய்லர் என்ற கடைக்காரர் மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தத்தையும் வாங்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தால் கசப்பு! விற்க முடியாது. தலையில் கைவைத்து உட்கார்ந்த மனிதரை அவர் மனைவி ஜேனட் காப்பாற்றுகிறாள். அத்தனை பழத்தையும் சர்க்கரை போட்டுக் காய்ச்சுகிறாள். மார்மலேட் பிறக்கிறது.

அழகான கதைதான். ஆனால் 1797-ல் தொழிலைத் தொடங்கிய ஜேனட் கெய்லர், ஜேம்ஸ் கெய்லர் இருவரும் கணவன் மனைவி அல்ல, தாயும் மகனும். மார்மலேடைக் கண்டுபிடித்ததும் அவர்கள் அல்ல. 1677-ல் செய்முறை எழுதப்பட்டுவிட்டது. 1773-லேயே ஸ்காட்லாந்துக் காலை மேசையில் அது இருந்தது. அதோடு, குளிர்காலம் வந்தால் செவில் ஆரஞ்சு ஏற்றிய கப்பல்கள் ஸ்காட்லாந்துத் துறைமுகங்களுக்கு வழக்கமாகவே வந்துகொண்டிருந்தன. அது கசக்கும் என்று தெரியாத மளிகைக்காரர் டண்டீயில் இருந்திருக்க முடியுமா? நம்மூர்க் காய்கறிக் கடைக்காரர் பாகற்காயைக் கடித்துப் பார்த்து அதிர்ச்சி அடைந்தார் என்பது போலத்தான்.

இந்த இடத்தில் இன்னொரு ஊரின் கதையும் கண்ணில் பட்டது. பெய்ஸ்லி என்ற ஊரில் 1860-களில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மளிகைக்காரர். ஒரு பீப்பாய் கசப்பு ஆரஞ்சு வாங்குகிறார். விற்கவில்லை. மனைவி மரியன் அதை மார்மலேடாக்குகிறாள். அது பெரிய நிறுவனமாகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? அதே கணவன், அதே மீந்துபோன பழம், அதே சமயோசித மனைவி. ஊரும் பேரும்தான் வேறு.

இந்தக் கதைகள் ஏன் மறுபடி மறுபடி பிறக்கின்றன என்று யோசித்தேன். எனக்குப் பட்டது இது. பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுக்களையில் செய்துவந்த ஒரு வேலை, கடைக்குப் போய் லேபிள் ஒட்டியதும் 'கண்டுபிடிப்பு' ஆகிறது. கண்டுபிடிப்பு என்றால் ஒரு நாள் வேண்டும், ஒரு விபத்து வேண்டும், ஒரு நாயகன் வேண்டும். சோல்மொண்டெலி, கெட்டில்பி, அவர்களுக்கும் முன்னால் எழுதத் தெரியாமல் கைப்பக்குவமாகச் செய்த எத்தனையோ பேர், அத்தனை பேரும் ஒரு புயலில் காணாமல் போகிறார்கள். கதையில் ஒரு மனைவிக்கு இடம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதுவும் கணவனின் நஷ்டத்தை ஈடுகட்டியவள் என்ற இடம்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1874-ல் சாரா ஜேன் கூப்பர் என்ற பெண் தன் அம்மா வழிச் செய்முறைப்படி 76 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ மார்மலேட் காய்ச்சினார். கணவர் கடையில் வைத்து விற்றார்கள். கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். இன்றைக்கும் அது விற்கிறது. லேபிளில் யார் பெயர்? ஃபிராங்க் கூப்பர். கணவர். அவர் மார்மலேட் காய்ச்சியவர் இல்லை, கடை வைத்திருந்தவர். அவர்கள் இருந்த வீதியில் சாராவின் பெயரில் ஒரு நீல நிற நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

கெய்லர்களின் உண்மையான சாதனை வியாபாரம். வெள்ளைப் பீங்கான் ஜாடியில் கறுப்பு எழுத்தில் பெயர் அச்சிட்டு உலகமெங்கும் அனுப்பினார்கள். 1862 லண்டன் கண்காட்சியிலும் 1873 வியன்னா கண்காட்சியிலும் வாங்கிய பதக்கங்களை ஜாடி மேலேயே போட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் பழைய குடியிருப்புகளைத் தோண்டினால் இன்றும் அந்த ஜாடிகள் கிடைக்கின்றன. டண்டீ நகரத்தைச் சணல், ஜாம், பத்திரிகை என்று மூன்று சொல்லில் சொல்லிவிடுவார்கள். சணல் எங்கிருந்து போனது? நம் வங்காளத்திலிருந்து.

ஜாமுக்கான சர்க்கரை எங்கிருந்து வந்தது? இதுதான் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய கதை. இதை நான் சொல்லவே இல்லை.

வீட்டில் மார்மலேட் செய்கிறவர்கள் ஒரு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரை போடுகிறார்கள். பாட்டிலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். எட்டாம் ஹென்றி காலத்தில் சர்க்கரை மருந்துக் கடைச் சாமான், தங்கத்துக்கு அடுத்தது. 1797-ல் ஒரு மளிகைக் கடைக்காரக் குடும்பம் அண்டா அண்டாவாகக் காய்ச்சி விற்கிற அளவுக்கு அது எப்படி மலிந்தது? கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில். கெய்லர்கள் தொழில் தொடங்கிய ஆண்டில் பிரிட்டனில் விற்ற சர்க்கரையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

அப்போதே மனசாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள். 1791-ல் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் மசோதாவை நாடாளுமன்றம் தோற்கடித்தது. உடனே ஊர் ஊராக மக்கள் கரீபியச் சர்க்கரையைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்று தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். இதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் வீட்டுக்கு எந்தச் சாமான் வரவேண்டும், எது வரக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் இருந்தது. 1820-களில் லெஸ்டர் நகரத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹெய்ரிக் இந்தப் புறக்கணிப்பை மறுபடி தூக்கிப் பிடித்தார். 'படிப்படியாக' என்று ஆண் தலைவர்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, 'உடனடியாக' என்று 1824-ல் துண்டறிக்கை எழுதினார். மார்மலேடின் வரலாற்றில் சர்க்கரையைப் போட்ட பெண்களைப் போலவே, போடமாட்டேன் என்று சொன்ன பெண்களும் இருக்கிறார்கள்.

1834-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே? கண் நம் பக்கம் திரும்பியது. அதே 1834-ல் மொரீசியசுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தில் போகத் தொடங்கினார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் தொகுதி. அதில் நம் வட ஆற்காடு, தென் ஆற்காட்டுக் குடும்பங்கள் எத்தனையோ. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் அல்லல்பட்ட பெண்களை நினைத்துப் பாரதி மனம் வெதும்பிப் பாடியது உங்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த ஜாடியில் எந்தத் தீவின் சர்க்கரை என்று பிரித்துச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரையும் பிரிட்டனில் வந்து குவிந்தது. ஆகவே ஒரு ஜாடியைக் காட்டி 'இது தமிழன் வெட்டிய கரும்பு' என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த நூற்றாண்டின் மலிவான இனிப்புக்குப் பின்னால் யார் யார் முதுகு வளைந்தது என்பதில் சந்தேகமில்லை.

சர்க்கரைக்கும் மார்மலேடுக்கும் இருந்த கணக்கை முதலாளிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். பிரிட்டனில் சர்க்கரைக்கு வரி. அதிலிருந்து தப்பிக்க கெய்லர் நிறுவனம் 1857-ல் குயெர்ன்சி தீவில் ஒரு ஆலையைத் திறந்தது. அங்கே அந்த வரி கிடையாது. 1874-ல் வரியே ரத்தானதும் தீவில் வேலையில்லாமல் போயிற்று. சில ஆண்டுகளில் ஆலையை லண்டனுக்கு மாற்றிவிட்டார்கள். ராபர்ட்சன் நிறுவனமோ 1910-லிருந்து கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் ஒரு பொம்மையைத் தன் சின்னமாக வைத்திருந்தது. எத்தனையோ எதிர்ப்புக்குப் பிறகு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கைவிட்டார்கள். சர்க்கரை யார் உழைப்பில் மலிந்ததோ அவர்களையே பாட்டில் மேல் கோமாளியாக ஒட்டியிருந்தார்கள் தொண்ணூறு வருடம்.

சரி, மனம் கனத்துவிட்டது. சமையலறைக்குப் போவோம். அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது.

மார்மலேட் செய்முறையில் என்னை வியக்கவைத்தது, நாம் தூக்கி எறிவதுதான் அதற்கு உயிர். பழத்தை இரண்டாக நறுக்கிச் சாறு பிழிகிறார்கள். கொட்டையையும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையையும் வழித்து ஒரு மெல்லிய துணியில் மூட்டை கட்டுகிறார்கள். தோலைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, சாறு, தண்ணீர், மூட்டை எல்லாவற்றையும் சேர்த்து ராத்திரி முழுக்க ஊறவிடுகிறார்கள். மறுநாள் மூட்டையோடு சேர்த்தே இரண்டு மணி நேரம் சிறுதீயில் வேகவைக்கிறார்கள். காரணம், பாகை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் அந்தக் கொட்டையிலும் வெள்ளைச் சதையிலும்தான் நிறைய இருக்கிறது. 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ அதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கு முன்பே பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தோல் நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டுவிட்டால் தோல் விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. மூட்டையைப் பிழிந்து எடுத்துவிட்டு, சர்க்கரையைக் கரைத்து, தீயைக் கூட்டிக் கொதிக்கவிட வேண்டும். 104, 105 டிகிரி செல்சியஸ் வரும்போது பதம். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். நம் அம்மாக்கள் தண்ணீரில் பாகை விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அதே அறிவு. இறக்கியதும் கால் மணி நேரம் பொறுத்துத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலெல்லாம் மேலே போய் மிதக்கும்.

செவில் ஆரஞ்சு பிரிட்டனில் ஜனவரி, பிப்ரவரியில் சில வாரங்கள்தான் கிடைக்கும். அதனால் மீந்த பழத்தை முழுசாக உறைபெட்டியில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். சாற்றை மீனுக்குப் பிழிகிறார்கள், தோலைக் காயவைத்து எடுத்து வைக்கிறார்கள்.

ஆனால் மீந்துபோகும் பழத்தின் பெரிய பிரச்சினை செவில் நகரத்துக்குத்தான். அங்கே தெருவோரம் மட்டும் ஏறத்தாழ 48,000 கசப்பு ஆரஞ்சு மரங்கள். நிழலுக்கும் பூவின் வாசத்துக்கும் வைத்தவை. உள்ளூர்க்காரர்கள் பழத்தைத் தின்பதில்லை. குளிர்காலத்தில் லட்சக்கணக்கான கிலோ பழம் நடைபாதையில் விழுந்து நசுங்கி, கால் வழுக்கி, ஈ மொய்த்துக் கிடக்கும். 2021-ல் அந்த நகரத்தின் குடிநீர் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 35 டன் பழத்தின் சாற்றை நொதிக்கவைத்து, வரும் மீத்தேனில் மின்சாரம் எடுத்து, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது. சக்கை உரத்துக்கு. மீந்துபோன கசப்பு ஆரஞ்சைக் காப்பாற்றிய கதைகளில் இது ஒன்றுதான் புயலும் மளிகைக்காரரும் இல்லாமல், பதிவேட்டோடு இருக்கிறது.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. மாணவி வந்துபோன அதே வாரம் தோட்டத்து நாரத்தங்காயில் என் மனைவி ஊறுகாய் போட்டாள். வழக்கம்போல ஒரு பகுதியைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, மாடியில் காயவைத்தாள். நாரத்தை என்ற பெயரில் நம்மூரில் ஒன்றுக்கு மேற்பட்ட பழம் உண்டு. எங்களுடையது தோல் தடித்த ரகம். அது செவில் ஆரஞ்சு அல்ல, தூரத்துச் சொந்தம். அவர்கள் கசப்பைச் சர்க்கரையும் நெருப்பும் கொண்டு பழக்கினார்கள். நாம் உப்பும் வெயிலும் கொண்டு பழக்கினோம். எங்கள் வீட்டு உப்பு நாரத்தங்காய்க்கும் புயலில் ஒதுங்கிய கப்பல் எதுவும் கிடையாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்தது, அவ்வளவுதான். யார் முதலில் செய்தார் என்று ஒரு லேபிளும் இல்லை.

மூன்று காய் மீந்திருந்தது. "மார்மலேட் செய்து பார்க்கலாமா?" என்றேன். "உங்க ஆராய்ச்சிக்கு என் சர்க்கரைதான் கிடைச்சுதா?" என்றாள். இருந்தாலும் செய்தாள். கொட்டையை மூட்டை கட்டியது நான். பாகு இறுகியது. கசப்பு கொஞ்சம் தூக்கல். ஒரு கரண்டி தோசையில் தடவிச் சாப்பிட்டேன். நாக்கில் முதலில் இனித்து, தொண்டையில் இறங்கும்போது கசந்தது.

ஆகவே, என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இப்போது பேரப்பிள்ளை கூட இருக்கலாம். மேரி ராணி கதையையும் டண்டீ புயல் கதையையும் நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் 1524, 1677, 1797, 1834 என்று நான்கு ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ட்ரூரோ என்ற கப்பலின் பெயரையும்.

உங்கள் வீட்டில் நாரத்தங்காய் மீந்தால் என்ன செய்வீர்கள்? யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? அவர்கள் பெயரோடு கீழே எழுதுங்கள்.